நாலு மணி நேரத்தில் பார்க்கக்கூடியவை

கார் ரேடியேட்டர் கொதித்து நின்றுவிட்டதாம்.
சரிசெய்ய நாலு மணி நேரம் ஆகுமென்று
டெல்பர்ட் இங்கே அனுப்பியிருக்கிறான்.
கணவன், மனைவி, உதட்டில் ஐஸ்கிரீம் காய்ந்த ஒரு பையன்.
"இந்த ஊரில் பார்க்க என்ன இருக்கிறது?"
என் மேஜைக்கு வருகிற எல்லோரும் கேட்பதுதான்.
கேட்கும்போதே பாதிப்பேரின் கண்
கழிவறைக் கதவைத் தேடும்.

மடித்த வரைபடத்தை விரித்து
பேனாவால் வட்டம் போடுகிறேன்.

இது நீர்ப்பூட்டு.
மிசிசிப்பி இங்கே படியிறங்குகிறது.
மேல்தளத்தில் நின்று பாருங்கள்:
சோளமும் சோயாவும் ஏற்றிய பதினைந்து பார்ஜுகள்
ஒரே மூச்சில் உள்ளே நுழையாது.
இரண்டாய்ப் பிரித்து
முன்பாதியை இறக்கிவிட்டு
பின்பாதி வரும்வரை கரையில் கட்டிவைத்து
மறுபடி சேர்ப்பார்கள்.
ஒன்றரை மணி நேரம் பிடிக்கும்.
ஒன்றுமே நடக்காதது போலிருக்கும்.
நடப்பது அதுதான்.

இது பொத்தான் அருங்காட்சியகம்.
ஆற்றுச் சிப்பிகளைத் துளைத்தெடுத்த பொத்தான்கள்
என்றோ யார் யார் சட்டைக்கோ போய்விட்டன.
மிச்சமிருக்கும் துளைகளைத்தான்
கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறோம்.
நுழைவுக் கட்டணம் மூன்று டாலர்.

இது லோரீனின் கடை. கெளுத்தி வறுவலுக்குப் பேர்போனது,
வெள்ளிக்கிழமைகளில் மட்டும்.
இன்று செவ்வாய்.
பரவாயில்லை, ருபார்ப் பை இருக்கும்.

குன்றில் ஏறினால் இரண்டு கரையும் தெரியும்.
இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்களே,
இங்கே அந்த ஆறுதலுக்கு வழியில்லை.
அங்கேயும் இதே சோளம்,
இதே விதைக் கம்பெனியின் பலகை.

"முதலை உண்டா?" என்கிறான் பையன்.
துடுப்பு மாதிரி மூக்குள்ள மீன் உண்டு என்கிறேன்.
நம்பவில்லை.

வட்டம் போடாதவை சில.

ஜூலையில் ஏதோ ஓரிரவு
ஆற்றிலிருந்து ஈசல் போலக் கிளம்பி
பாலத்து விளக்குகளை மூடிவிடும் பூச்சிகள்.
பனி வாரும் வண்டியை
வியர்க்க வியர்க்க வெளியே எடுப்போம்.
ஜனவரியில், அணைக்குக் கீழே மட்டும் உறையாத தண்ணீர்.
மொட்டை மரமெங்கும் கழுகுகள்,
ஒன்றையொன்று பாராமல்.

பிறகு ஆகஸ்ட், இரண்டாம் சனி.
படகுகளை நிறுத்திவிட்டு
ஆற்றுக்குக் குறுக்கே வடம் போடுவோம்.
அரை மைல் நீளம்.
இந்த முனை அயோவா, அந்த முனை இல்லினாய்.
எங்கள் வரிசையில் எட்டாவது ஆள் நான்.
அங்கே கடைசி ஆள் வெண்டல்.

விவாகரத்துக் கையெழுத்து காய்வதற்குள்
அவன் அக்கரையில் வீடு பார்த்துவிட்டான்.
நாயையும் மீன் வறுக்கும் சட்டியையும் கொண்டுபோனான்.
பாலம் வழியே பதினொரு நிமிடம்.
ஒன்பது வருடங்கள்.

அவ்வளவு தூரத்தில் முகம் தெரியாது.
நடுவில் வடம் நனைந்து, கனத்து, தொங்கிக் கிடக்கும்.
துப்பாக்கி வெடித்ததும்
ஒரு சின்னத் தயக்கம், அப்புறம் சட்டென்று ஒரு வெட்டு.
இருபது பேர் இழுப்பிலும்
அது யாருடையதென்று என் தோளுக்குத் தெரியும்.
குளிர்பெட்டியை மாடிக்கு ஏற்றிய அன்றும்
அப்படித்தான் இழுத்தான்,
நான் கீழ்ப்படியில் தாங்கிக்கொண்டிருக்க.

போன வருடம் பதிமூன்று அடியில் தோற்றோம்.
"நீ விட்டுக்கொடுத்தாயா?" என்றாள் அணித்தலைவி மார்ல்ஸ்.
உள்ளங்கைகளை விரித்துக் காட்டினேன்.
தோல் உரிந்திருந்தது.
அது பதிலில்லை என்று அவளுக்கும் தெரியும்.

"அவ்வளவுதானா?" வரைபடத்தைத் திருப்பிப் பார்க்கிறார் கணவர்.
நாலு மணி நேரத்துக்கு அவ்வளவுதான்.
"இந்தக் கோடு? பாலமா?"

பேனா வழுக்கிவிட்டது என்கிறேன்.
கழிவறை இடப்பக்கம்.
கதவு கொஞ்சம் இறுகியிருக்கும்,
பலமாக இழுங்கள்.